விண்மீனின் வயதைக் கேட்கப் போகும் 26 கேமராக்கள்

"இரண்டாவது பூமி கண்டுபிடிப்பு" என்ற தலைப்பு வருஷத்துக்கு நாலைந்து முறையாவது நம் போனில் வந்து விழுகிறது. உள்ளே போய்ப் படித்தால் கதை பெரும்பாலும் ஒன்றுதான். எங்கோ ஒரு விண்மீனைச் சுற்றி ஒரு கோள் ஓடுகிறது, அது பூமியைவிடச் சற்றுப் பெரியது, தண்ணீர் திரவமாக இருக்கக்கூடிய தூரத்தில் இருக்கிறது. அதன் எடை தெரியாது. எதனால் ஆனது என்று தெரியாது. வயதும் தெரியாது. இந்த மூன்றும் தெரியாமல் 'பூமி' என்று பெயர் சூட்டுவது கொஞ்சம் அவசரம்தான்.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் (ஈசா) பிளேட்டோ தொலைநோக்கி இந்த மூன்று கேள்விகளுக்கும் ஒருசேரப் பதில் தேடுவதற்காகத் திட்டமிடப்பட்டது. 2014இல் தேர்வான திட்டம். 2026 இறுதியிலோ 2027 தொடக்கத்திலோ ஏரியான் 6 ராக்கெட்டில் ஏவுவதாக ஏற்பாடு. செய்திகளில் இதைக் 'கோள் வேட்டை' என்று எழுதுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் திட்டத்தின் இலக்குகளைப் பார்த்தால், இது முதன்மையாக விண்மீன்களை அளக்கும் கருவி என்றே சொல்லத் தோன்றுகிறது. கோளைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் அதன் விண்மீன் வழியாகத்தான் தெரிகிறது. விண்மீன் கணக்கில் பிசகினால் கோள் கணக்கும் பிசகும்.

எப்படி என்று பார்ப்போம். ஒரு கோள் தன் விண்மீனுக்கும் நமக்கும் நடுவே கடந்து போகும்போது விண்மீனின் ஒளி துளியளவு மங்குகிறது. வியாழன் அளவுக் கோள் சூரியன் போன்ற விண்மீனைக் கடந்தால் மங்கல் சுமார் 1 சதவீதம். பூமி அளவுக் கோள் என்றால் பத்து லட்சத்தில் 84 பங்கு. அதுவும் வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை, 13 மணி நேரம்தான். கோளின் பாதை நம் பார்வைக் கோட்டிலிருந்து கொஞ்சம் சாய்ந்திருந்தால் அதுவும் கிடையாது. பூமியைப் போன்ற பாதையில் ஓடும் கோள்களில் சுமார் இருநூறில் ஒன்றுதான் நம் கோணத்திலிருந்து இப்படிக் கடந்து போகும்.

ஒளி மங்குவதை வைத்துக் கண்ணுக்குத் தெரியாததைப் பிடிக்கும் வித்தை நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப் போவதைப் பார்க்க, ஜவ்வாது மலையின் காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கியைத் திருப்பி வைத்துக் காத்திருந்தார்கள் வானியலாளர்கள் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும். கோள் விண்மீனை எட்டுவதற்கு முன்பே ஒளி சில நொடிகள் மங்கித் திரும்பியது. யுரேனஸுக்குப் புதிதாக ஒரு துணைக்கோள் என்று அவர்கள் கருதினார்கள். அதே மறைப்பை விமானத்தில் பறந்தபடி பார்த்த அமெரிக்கக் குழுவின் பதிவில் கோளின் இரு பக்கமும் சமச்சீரான மங்கல்கள் இருந்தன. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. நடுவே ஏதோ வந்தது என்பதைத்தான் மங்கல் சொல்லும். வந்தது எது என்பதை வேறு அளவுகளிலிருந்துதான் அறிய வேண்டும்.

கோள் கடப்பிலும் இதே கதைதான். கிடைப்பது ஒரு விகிதம் மட்டும். ஒளி 0.01 சதவீதம் மங்கினால், கோளின் ஆரம் விண்மீன் ஆரத்தில் நூறில் ஒன்று. சூரியனின் ஆரம் பூமியைப்போல் 109 மடங்கு. ஆகவே அந்த விண்மீன் சூரியன் அளவே இருந்தால், கோள் பூமியைவிட 9 சதவீதம்தான் பெரியது. தலைப்புச் செய்தி தயார். சரி, விண்மீன் சூரியனைவிட ஒன்றரை மடங்கு பெரியது என்று பின்னால் தெரிந்தால்? மங்கல் மாறவில்லை, கோள் மட்டும் பூமியைப்போல் 1.6 மடங்காகிவிடும். கன அளவு மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிடும். பாறைக் கோள் என்று நினைத்தது, தடித்த வாயுப் போர்வை போர்த்திய குட்டி நெப்டியூனாக இருக்கலாம்.

இது கற்பனை ஆபத்தல்ல. 2009இல் நாசா ஏவிய கெப்ளர் தொலைநோக்கி சுமார் ஒன்றரை லட்சம் விண்மீன்களை ஒரே மூச்சாகப் பார்த்து, 2600க்கும் மேற்பட்ட கோள்களைத் தந்தது. அந்த விண்மீன்களின் ஆரங்கள் ஆரம்பத்தில் உத்தேசக் கணக்குகள். பிறகு ஹவாயின் கெக் தொலைநோக்கியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கெப்ளர் விண்மீன்களின் நிறமாலையை எடுத்து, ஆரங்களைத் திருத்தினார்கள். 2017இல் முடிவு வெளியானபோது யாரும் தெளிவாகப் பார்த்திராத ஒன்று தெரிந்தது. பூமியைப்போல் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை ஆரம் கொண்ட கோள்கள் மிகக் குறைவு. அதற்குக் கீழேயும் மேலேயும் நிறைய. வரைபடத்தில் அந்த இடம் பள்ளத்தாக்கு மாதிரி விழுந்திருந்தது. புதிதாக ஒரு கோளைக்கூடக் கண்டுபிடிக்காமல், விண்மீன்களைத் திருத்தி அளந்ததிலேயே கோள்களைப் பற்றிய பெரிய உண்மை வெளிவந்தது. கடந்த பத்தாண்டுகளில் இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான்.

அந்தப் பள்ளம் ஏன்? இரண்டு விளக்கங்கள் போட்டியில் இருக்கின்றன. இளம் விண்மீனின் எக்ஸ் கதிரும் புற ஊதாக் கதிரும் சிறு கோள்களின் வாயுப் போர்வையை அரித்துவிடுகின்றன என்பது ஒன்று. அது நடந்தால் பெரும்பாலும் முதல் சில பத்துக்கோடி ஆண்டுகளுக்குள் நடந்து முடிந்துவிடும். கோள் உருவானபோது உள்ளே தேங்கிய வெப்பமே மெதுவாகக் கசிந்து வாயுவை வெளியேற்றுகிறது என்பது மற்றொன்று. இதற்கு நூறு கோடி ஆண்டுக் கணக்கில் ஆகும். இரண்டில் எது சரி என்று தீர்க்க வேண்டுமானால் கோள்களை வயதுவாரியாக வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். இங்கேதான் இதுவரை கை கட்டப்பட்டிருந்தது. சூரியனின் வயது 460 கோடி ஆண்டு என்று நமக்குத் துல்லியமாகத் தெரிவதே, விண்கற்களைக் கையில் எடுத்துச் சோதனைக்கூடத்தில் அளக்க முடிவதால்தான். மற்ற விண்மீன்களிலிருந்து நமக்கு வருவது ஒளி மட்டும். சூரியனை ஒத்த ஒரு விண்மீன் தன் நடுவயதில் பல நூறு கோடி ஆண்டுகள் வெளியே பெரிதாக மாறுவதே இல்லை. அதனால் சாதாரண முறைகளில் வயதைக் கணித்தால் பாதிக்குப் பாதிகூடத் தவறலாம். பிளேட்டோவின் இலக்கு, சூரியன் போன்ற பிரகாசமான விண்மீன்களின் வயதை 10 சதவீதப் பிழைக்குள் சொல்வது.

வழி, விண்மீனின் அதிர்வு. சூரியனின் மேலடுக்கில் வாயு சதா கொதித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கொதிப்பு ஒலியலைகளை எழுப்ப, அவை உள்ளே போய்த் திரும்பி, சூரியன் முழுவதையும் சுமார் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வீதம் அதிர வைக்கின்றன. 1960களின் தொடக்கத்திலேயே இது கண்டறியப்பட்டது. சூரியனின் அதிர்வை இடைவிடாமல் கவனிக்க உலகைச் சுற்றி ஆறு இடங்களில் தொலைநோக்கிகள் வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று ராஜஸ்தானின் உதய்ப்பூரில். சந்தையில் தேங்காயைச் சுண்டிப் பார்த்து முற்றலா இளசா என்று சொல்கிற மாதிரிதான் இதுவும்: உடைக்காமல் உள்ளே இருப்பதைச் சத்தத்திலிருந்து தெரிந்துகொள்வது.

வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். விண்மீன் ஒரே அதிர்வெண்ணில் அதிர்வதில்லை. பல டஜன் அதிர்வெண்கள் சேர்ந்து ஒலிக்கின்றன. அவற்றை வரிசையாக எழுதினால் அடுத்தடுத்த அதிர்வுகளுக்கு நடுவே கிட்டத்தட்டச் சமமான இடைவெளி விழும். சூரியனுக்கு அது 135 மைக்ரோஹெர்ட்ஸ். இந்தப் பெரிய இடைவெளி விண்மீனின் சராசரி அடர்த்தியைச் சொல்லிவிடும். ஈசாவின் இன்னொரு விண்கலமான கையா கிட்டத்தட்ட 200 கோடி விண்மீன்களை அளந்து, பெரும்பாலானவற்றின் தூரத்தைத் தந்திருக்கிறது. அந்தத் தூரங்களையும் நிறமாலையில் தெரியும் வெப்பநிலையையும் சேர்த்தால் ஆரம் கிடைக்கும். ஆரமும் அடர்த்தியும் கைக்கு வந்தால் நிறை தானாக வந்துவிடும்.

அப்புறம் இன்னொரு இடைவெளி இருக்கிறது, மிகச் சிறியது. சூரியனில் அது 9 மைக்ரோஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். விண்மீனின் மையம் வரை ஊடுருவிப் போகும் அலைகளுக்கும் கொஞ்சம் முன்னதாகவே திரும்பிவிடும் அலைகளுக்கும் உள்ள வித்தியாசம் அது. மையத்தில் ஹைட்ரஜன் எரிந்து ஹீலியம் சேரச் சேர, அங்கே ஒலியின் வேகம் மாறுகிறது. அதற்கேற்ப இந்தச் சிறு இடைவெளி வயதோடு சுருங்குகிறது. வெளியே ஒன்றுமே தெரியாத விண்மீனுக்குள் இப்படி ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதைப் படிப்பது கடினம். ஒவ்வோர் அதிர்வும் ஒளியில் உண்டாக்கும் ஏற்ற இறக்கம் பத்து லட்சத்தில் சில பங்குகள்தான். பூமியிலிருந்து பார்த்தால் காற்று மினுக்கவைக்கும், பகல் வந்து குறுக்கிடும். வெளியே போய், ஒரே விண்மீனை இமைக்காமல் மாதக்கணக்கில் பார்த்தால்தான் அதிர்வெண்கள் பிரிந்து தெரியும். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: நம் அண்டையில் மிக அதிகமாக இருக்கும், சூரியனைவிடச் சிறிய, மங்கலான சிவப்புக் குறுமீன்களில் இந்த அதிர்வு பிடிபடும் அளவுக்கு இல்லை. செய்திகளில் அடிக்கடி வரும் 'வாழத்தகு' கோள்களில் பல அத்தகைய குறுமீன்களைச் சுற்றுபவை. அவற்றுக்குப் பிளேட்டோவால் இந்த முறையில் வயது சொல்ல முடியாது.

இனி கருவி. கெப்ளரிடம் இருந்தது 95 சென்டிமீட்டர் வாய் கொண்ட ஒரே தொலைநோக்கி. வானத்தில் அது பார்த்தது ஒரு சிறு துண்டு. அத்துணுக்கில் பிரகாசமான விண்மீன்கள் குறைவு. அதனால் கெப்ளர் கண்ட கோள்களில் பெரும்பாலானவை மங்கலான, தொலைவான விண்மீன்களைச் சேர்ந்தவை. கோள் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, எடை பார்ப்பதற்குப் போதுமான ஒளி இல்லை. 2018இல் போன நாசாவின் டெஸ் தொலைநோக்கி இதற்கு நேர்மாறாக வானம் முழுவதையும் சுற்றுகிறது, ஆனால் ஒரு பகுதியில் வழக்கமாக 27 நாள்தான் தங்கும். வருஷத்துக்கு ஒருமுறை சுற்றும் கோளை அப்படிப் பிடிப்பது அதிர்ஷ்டம்.

பிளேட்டோவில் ஒரே பெரிய கண்ணாடிக்குப் பதில் 26 சிறு கேமராக்கள். ஒவ்வொன்றின் வாயும் 12 சென்டிமீட்டர்தான், நல்ல பொழுதுபோக்குத் தொலைநோக்கி அளவு. சிறு லென்ஸ் என்பதால் அகலமாகப் பார்க்க முடியும். பலவற்றின் ஒளியைக் கூட்டினால் சத்தும் கிடைக்கும். இவற்றில் 24 கேமராக்கள் ஆறு ஆறாக நான்கு குழுக்கள், குழுவுக்குக் குழு பார்வை சற்றுத் தள்ளி. நடுப் பகுதியை 24 கேமராக்களும் பார்க்கும், ஓரத்தை ஆறு மட்டும். மொத்தத்தில் வானத்தின் இருபதில் ஒரு பங்கு ஒரே நேரத்தில் தெரியும். 25 நொடிக்கு ஒரு படம். மீதி இரண்டு கேமராக்கள் இரண்டரை நொடிக்கு ஒன்று எடுக்கும். மிகப் பிரகாசமான விண்மீன்களுக்கும், கலம் ஆடாமல் குறிபார்ப்பதற்கும் அவை. ஒளியைப் படமாகப் பதியும் சிசிடி சில்லுகள் 104, 200 கோடிக்கு மேல் பிக்சல்கள். எல்லாவற்றையும் பூமிக்கு அனுப்ப வழியே இல்லை. தேர்ந்தெடுத்த விண்மீனைச் சுற்றிய சிறு கட்டங்களை மட்டும் வெட்டி, பெரும்பாலானவற்றின் ஒளிக்கணக்கைக் கலத்திலேயே போட்டு அனுப்புவார்கள்.

இருப்பிடம், சூரியனுக்கு எதிர்ப்பக்கம் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டரில் இருக்கும் இரண்டாம் லாக்ராஞ்சுப் புள்ளி; பூமியோடு கூடவே ஒரு கலம் சூரியனைச் சுற்றி வரக்கூடிய இடம். பெங்களூர்க்காரர்களுக்கு இதன் ஜோடி பழக்கமானது. 2024 ஜனவரியில் இஸ்ரோவின் ஆதித்யா எல்1 போய்ச் சேர்ந்தது அதே தூரத்தில், சூரியனை நோக்கிய பக்கத்தில். அதன் முக்கியக் கருவியை உருவாக்கியது நம் கோரமங்கலாவில் இருக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனம்; கருவி உருவானது ஹொசகோட்டை வளாகத்தில்.

பிளேட்டோ முதலில் எங்கே பார்க்கும் என்பதும் முடிவாகிவிட்டது: தென்வானில் ஒரு பெரிய சதுரம், குறைந்தது இரண்டு ஆண்டுகள். அந்தச் சதுரத்தின் நடுவுக்கு மிக அருகில் நம் அகத்திய நட்சத்திரம் இருக்கிறது. பிப்ரவரி மாதம் இரவு ஒன்பது மணி வாக்கில் மொட்டை மாடியில் தெற்கே திரும்பி நின்றால், உச்சிக்குத் தெற்கே சிரியஸ் பளிச்சென்று தெரியும். அதிலிருந்து நேர்கீழே, அடிவானுக்கு 25 டிகிரி அளவு உயரத்தில் தெரிவது அகத்தியர். பெங்களூரில் எதிரே அடுக்குமாடி எழும்பாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அகத்தியரே பிளேட்டோவுக்குப் பயன்படமாட்டார். அளவுக்கு மீறிய வெளிச்சம், சூரியனைப்போல் பல மடங்கு பெரிய விண்மீன். அவரைச் சுற்றி நம் கண்ணுக்குத் தெரியாத, சூரியனை ஒத்த ஆயிரக்கணக்கான சிறு விண்மீன்கள்தான் இலக்கு. மொத்தம் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களைப் பார்ப்பார்கள். அவற்றில் அதிர்வையும் கோளையும் சேர்த்து அளக்கும் அளவுக்குப் பிரகாசமானவை சுமார் 15,000. இந்த 15,000தான் திட்டத்தின் உயிர்.

அல்சூர் ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்க நூலகத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, எதிரே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கண்ணாடியை இறக்கிக் கேட்டார்: "ஏம்ப்பா, நம்ம ஏரியாவுல தண்ணி லாரிக்கு நாலு நாள் காத்துக் கெடக்கோம். அங்க தண்ணி இருக்கான்னு பாக்கறதுக்கா இவ்வளவு?" "தண்ணி இருக்கான்னு இது பாக்காதுங்க ஐயா. பாறையா வாயுவா, எத்தனை வயசுன்னுதான் பாக்கும்" என்றேன். "வயசு தெரிஞ்சு பொண்ணா பாக்கப் போறாங்க?" என்றார்.

வயது தெரிந்து என்ன ஆகும் என்பது நியாயமான கேள்விதான். பூமிக்கு 450 கோடி வயது. அதன் காற்றில் ஆக்சிஜன் கணிசமாகச் சேரத் தொடங்கியது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அதற்கு வெகு முன்பே நுண்ணுயிர்கள் இருந்தன. பூமியை அதன் நூறு கோடியாவது வயதில் யாராவது தூரத்திலிருந்து பார்த்திருந்தால், காற்றில் ஆக்சிஜன் இல்லை, ஆகவே செத்த கோள் என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். நாளைக்குப் பெரிய தொலைநோக்கிகள் ஏதாவது ஒரு பாறைக் கோளின் காற்றை அலசிப் பார்க்கும்போது, அந்தக் கோள் நூறு கோடி வயதா எழுநூறு கோடி வயதா என்று தெரியாமல் முடிவுக்கு அர்த்தம் சொல்ல முடியாது.

எடையில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். ஆரத்தை 3 சதவீதப் பிழைக்குள்ளும், நிறையை 10 சதவீதப் பிழைக்குள்ளும் தருவது இலக்கு. ஆரம் பிளேட்டோவின் கையில். கோளின் நிறை அதன் கையில் இல்லை. கோள் இழுக்கும்போது விண்மீன் நம்மை நோக்கியும் விலகியும் லேசாக ஆடுவதை, தரையில் உள்ள தொலைநோக்கிகள் நிறமாலை வழியே அளக்க வேண்டும். வியாழன் சூரியனை ஆட்டும் வேகம் நொடிக்கு 12 மீட்டருக்குச் சற்று மேல். பூமி ஆட்டுவது நொடிக்கு 9 சென்டிமீட்டர், எறும்பு ஊரும் வேகத்துக்குப் பக்கம். விண்மீனின் மேல்பரப்பு கொதிப்பதே அதைவிடப் பல மடங்கு வேகத்தில். சிலியில் இருக்கும் எஸ்பிரெஸ்ஸோ போன்ற கருவிகள் இந்த எல்லையை நெருங்குகின்றன, அவ்வளவே. ராஜஸ்தானின் அபு மலையில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் பாரஸ்-2 கருவி, 2024இல் பூமியைப்போல் சுமார் 60 மடங்கு எடையுள்ள ஒரு கோளை அளந்து அறிவித்தது. அந்த வகைக் கோள்கள் இன்று இங்கிருந்தே அளக்கக்கூடியவை. பூமி எடைக் கோள் என்றால் ஒரு விண்மீனுக்கே பல ஆண்டுகள் பல இரவுகள் ஒதுக்க வேண்டும். பிளேட்டோ பிரகாசமான விண்மீன்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததற்கே இதுதான் காரணம்.

விண்மீனைத் தவறாக அளந்தால் இல்லாத கோள் முளைக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே பழைய சாட்சி உண்டு. 1855இல் மெட்ராஸ் வானாய்வகத்தின் தலைவர் ஜேக்கப், 70 ஒஃபியூக்கி என்ற இரட்டை விண்மீனின் ஓட்டம் கணக்கோடு ஒத்துவரவில்லை, ஆகவே அங்கே ஒரு கோள் இருக்கலாம் என்று எழுதினார். வேறொரு விண்மீனுக்குக் கோள் உண்டு என்று அளவைகளை வைத்துச் சொன்ன மிகப் பழைய அறிவிப்புகளில் அது ஒன்று. கோள் இல்லை, அவர் கையில் இருந்த ஓட்டக் கணக்கு அவ்வளவு முடிவுக்குத் தாங்காது. அந்த வானாய்வகம்தான் பிறகு கொடைக்கானல் போய், அங்கிருந்து கோரமங்கலா நிறுவனமாக வளர்ந்தது.

கால அட்டவணையை மனதில் வைத்துக்கொண்டால் வரப்போகும் தலைப்புச் செய்திகளைத் தரம் பிரிக்கலாம். ஏவிய பிறகு சில மாதம் கருவிகளைச் சரிபார்க்கவே போகும். அதன்பின் சீக்கிரம் வருபவை சில நாள், சில வாரச் சுற்று கொண்ட சூடான கோள்கள். வருஷச் சுற்றுக் கோள் இரண்டு முறை கடப்பதைப் பார்க்கவே ஓராண்டுக்கு மேல் ஆகும். மூன்றாவது முறைக்கு இன்னும் ஓராண்டு. பின்னணியில் இருக்கும் வேறு இரட்டை விண்மீன்கள் ஒன்றையொன்று மறைத்து ஏமாற்றவில்லை என்று தரையிலிருந்து உறுதிசெய்ய வேண்டும், பிறகு எடை. சூரியன் போன்ற விண்மீனைச் சுற்றும் பூமி அளவுக் கோள் ஒன்றுக்கு ஆரம், எடை, வயது மூன்றும் இருக்கிறது என்று பிளேட்டோ பெயரில் 2029க்கு முன்னால் யாராவது அறிவித்தால், முதலில் எடையை யார் அளந்தார்கள் என்று தேடிப் பார்ப்பேன்.